கேட்டவை, சொன்னவை: மேகத்தில் வைத்த படங்கள்

சென்ற இதழில் கைபேசிப் படங்களைப் பற்றி ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களும் மின்னஞ்சல்களும் இந்த மாதப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. மின்கட்டணத்தைப் பற்றியும் மிக்சிப் பழுதைப் பற்றியும் கேட்டிருந்த வாசகர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. மேகம் என்று இங்கே சொல்வது, கூகுள், ஆப்பிள் போன்ற நிறுவனங்களின் கணினிகளில் இணையம் வழியே நமக்குக் கிடைக்கும் சேமிப்பிடத்தை.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தொலைபேசியில் இடமில்லை என்ற அறிவிப்பு நாள்தோறும் வந்துகொண்டிருந்தது. படங்கள் எல்லாம் மேகத்துக்கு ஏறிவிட்டதாகத் திரையில் காட்டியதால், தொலைபேசியில் இருந்தவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் மேகத்திலும் ஒன்றும் இல்லை. பேத்தியின் காதுகுத்துப் படங்கள் உட்பட எல்லாம் போய்விட்டன. மீட்க வழி உண்டா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

உண்டு, ஆனால் கெடு உண்டு. படங்களை ஏற்றிவந்த செயலியைத் திறந்து, வேறு எதையும் தொடாமல், அதன் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். கூகுள் போட்டோஸாக இருந்தால், மேகத்துக்கு ஏறிய படங்கள் அழித்த நாளிலிருந்து 60 நாள் அங்கே கிடக்கும். ஆப்பிளின் ஐகிளவுடாக இருந்தால், அண்மையில் அழித்தவை என்ற தொகுப்பில் 30 நாள் இருக்கும். இதழ் அச்சாகிக் கைக்கு வரும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால், இவ்வளவையும் உங்களுக்குத் தனியே எழுதி அனுப்பிவிட்டோம். மீதிப் பதில் உங்களுக்கும், இதே தவறைச் செய்யவிருக்கும் மற்றவர்களுக்கும்.

மேகத்தில் ஏற்றியாயிற்று என்றதும், பரண்மேல் டிரங்குப் பெட்டியில் ஒரு பிரதியைப் பூட்டி வைத்தாயிற்று என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்தச் சேவைகளோ பெட்டியைவிட நிலைக்கண்ணாடிக்கு நெருக்கமானவை. முன்னால் இருப்பதைக் காட்டும், முன்னால் இருப்பதை எடுத்துவிட்டால் கண்ணாடியிலும் இருக்காது. இதற்கு ஒத்திசைவு என்று பெயர். தொலைபேசியிலும் கணக்கிலும் ஒரே நிலை இருக்க வேண்டும் என்பதுதான் அதன் வேலை, ஆகவே அழித்ததையும் அது விசுவாசமாக ஒத்திசைக்கிறது. கூகுள் போட்டோஸ் செயலிக்குள் இருந்தபடி ஒரு படத்தை அழித்தால், அது தொலைபேசியிலிருந்தும் கணக்கிலிருந்தும் ஒருசேரப் போகும். அதே படத்தைக் கோப்பு மேலாளர் வழியே அழித்தால் பெரும்பாலும் தொலைபேசியிலுள்ள பிரதி மட்டும் போகும். ஒரே திரையில், ஒரே விரலால், ஒரே படத்தைத்தான் அழிக்கிறோம். எந்தச் செயலிக்குள் நின்று அழித்தோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. இதை வாசகியின் அறியாமை என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை, வடிவமைத்தவர்களின் குறை என்றே சொல்வோம். தொலைபேசியில் இடம் மட்டும் வேண்டுமென்றால், இடத்தை விடுவிப்பதற்கென்று அதே செயலியில் தனித் தெரிவு இருக்கிறது. அது ஏற்கெனவே மேலே ஏறியவற்றின் தொலைபேசிப் பிரதிகளை மட்டும் நீக்கும்.

ஐபோன் வைத்திருப்போர் கவனத்துக்கு: ஐகிளவுட் போட்டோஸ் இயங்கும்போது, ஒரு கருவியில் அழித்தது எல்லாக் கருவிகளிலும் அழியும். மேலும், இடத்தைச் சிக்கனப்படுத்தும் அமைப்பு இயங்கினால் மூலப்படம் ஆப்பிளின் கணினியில் இருக்க, தொலைபேசியில் ஒரு சிறிய பிரதியே இருக்கும். தொலைபேசியைக் கணினியோடு இணைத்துப் படங்களைப் படியெடுத்தவர்கள், பாதிப் படங்கள் வரவில்லை என்று திகைப்பதற்குக் காரணம் இதுதான்.

பல ஆண்டுகளாக இலவசமாகப் படம் ஏற்றிக்கொண்டிருந்தேன். இப்போது 15 ஜிபி நிரம்பிவிட்டது, பணம் கட்டு என்கிறார்கள். வங்கியிலிருந்து வரும் மின்னஞ்சல்கள்கூட வரவில்லை. பழைய படங்களை அழித்துப் பார்த்தேன், இடம் கூடவே இல்லை. இது என்ன நியாயம்?
— ஒரு வாசகர், சென்னை

நியாயத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2015 மே மாதம் கூகுள் போட்டோஸ் அறிமுகமானபோது, 16 மெகாபிக்சலுக்கு மிகாமல் சுருக்கிய படங்களையும் 1080பி தரத்துக்கு மிகாத காணொலிகளையும் எத்தனை வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2020 நவம்பரில் அந்தச் சலுகை முடியப்போவதாக அறிவித்தார்கள். 2021 ஜூன் 1 முதல் ஏறுகிற படங்கள் உங்கள் 15 ஜிபியில் கழிக்கப்படுகின்றன. அந்த 15 ஜிபியோ ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவான ஒரே பானை. போதாததற்கு, ஆண்ட்ராய்டு தொலைபேசிகளின் வாட்ஸ்அப் காப்பு நகல்களும் 2024-இன் தொடக்கத்திலிருந்து அதே பானையில் கைவைக்கத் தொடங்கிவிட்டன. பானை நிரம்பினால் மின்னஞ்சலும் நிற்கும். வங்கிக் கடிதம் வராததற்குக் காரணம் அதுவே.

நீங்கள் பழைய படங்களை அழித்தும் பயனில்லாமற் போனதற்கு விடையும் அந்தத் தேதியில்தான் இருக்கிறது. 2021 ஜூன் 1-க்கு முன் சுருக்கிய தரத்தில் ஏற்றிய படங்கள் கணக்கில் சேர்வதே இல்லை. அவற்றை அழிப்பது வாடகை இல்லாத அறையைக் காலி செய்வது போன்றது. அறை போய்விடும், வாடகை அப்படியே நிற்கும். தயவுசெய்து அவற்றை விட்டுவிடுங்கள். அழிக்க வேண்டியவை அண்மைக் காலத்துக் காணொலிகள். 12 மெகாபிக்சல் படம் ஒன்று ஏறக்குறைய மூன்று, நான்கு எம்பி இருக்கும். அந்த அளவில் 15 ஜிபிக்குள் நான்காயிரம் படங்கள் அடங்கும். 4கே தரத்தில் எடுத்த காணொலியோ, பதிவு செய்யும் வகையைப் பொறுத்து, ஒரு நிமிடத்துக்கு 170 எம்பி முதல் 350 எம்பிவரை விழுங்கும். பள்ளி ஆண்டுவிழாவில் மேடைக்கு எதிரே கைகளை உயர்த்தியபடி முக்கால் மணி நேரம் எடுத்த காணொலி ஒன்றே உங்கள் பானையில் பாதியையோ முழுவதையுமோ நிரப்பிவிடும். செயலியின் சேமிப்பக மேலாண்மைப் பக்கத்தில் பெரிய கோப்புகள், மங்கலான படங்கள், திரைப்பிடிப்புகள் என்று பிரித்துக் காட்டுவார்கள், அங்கிருந்து தொடங்குங்கள். ஜிமெயிலிலும் டிரைவிலும் அழித்தவற்றைக் குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கினால்தான் இடம் கூடும்.

அளவு மீறிய நிலையிலேயே இரண்டாண்டு விட்டுவிட்டால், உள்ளே இருப்பவற்றை நீக்கும் உரிமையைக் கூகுள் தன் விதிகளில் வைத்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். சலுகையைக் கொடுத்துத் திரும்பப் பெற்றது இந்த ஒரு நிறுவனம் மட்டுமில்லை. பிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளம் 2013-இல் ஒரு டெராபைட் (ஏறக்குறைய 1,000 ஜிபி) இடத்தை இலவசமாக அள்ளிக் கொடுத்தது. 2018-இல் ஸ்மக்மக் நிறுவனத்தின் கைக்கு மாறிய பிறகு, அதே ஆண்டு நவம்பரில் இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள்தான் என்று அறிவித்து, மிகுந்தவற்றை 2019-இல் நீக்கத் தொடங்கியது.

மாதாமாதம் பணம் கட்டுவது நல்லதா, ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி வைத்துக்கொள்வது நல்லதா?
— ஒரு வாசகர், திருச்சி

இரண்டும் வேண்டும். ஹார்டு டிஸ்க் கீழே விழும், கணக்கு முடங்கும். இரண்டும் ஒரே நாளில் நடப்பது அரிது. ஹார்டு டிஸ்க்கைப் பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து இயக்கிப் பாருங்கள்.

ஒன்பது ஆண்டுப் படங்கள், ஏறக்குறைய 300 ஜிபி. ஒரு மேகச் சேவையிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி வீட்டுக் கணினியில் வைக்க முயன்றேன். நூற்றைம்பது ஜிப் கோப்புகள் (பல கோப்புகளைக் கட்டிய பொட்டலங்கள்) வந்தன. பாதி இறங்குவதற்குள், இறக்குவதற்கு அவர்கள் அனுப்பிய இணைப்பு (லிங்க்) காலாவதியாகிவிட்டது. இறங்கியவற்றை விரித்தால் ஆயிரக்கணக்கான படங்கள் இறக்கிய நாளின் தேதியைக் காட்டுகின்றன. ஒவ்வொரு படத்தின் அருகிலும் ஏதோ ஓர் எழுத்துக் கோப்பு கிடக்கிறது. ஒரே படம் இரண்டு மூன்று கோப்புறைகளில் இருக்கிறது. பொறியாளனாகிய எனக்கே தலை சுற்றுகிறது.
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

சேவையின் பெயரை நீங்கள் எழுதாவிட்டாலும், அறிகுறிகளைப் பார்த்தால், கணக்கில் உள்ளவற்றை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியே இறக்கியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதை அடிப்படையாக வைத்து எழுதுகிறோம்.

நூற்றைம்பது கோப்புகள் வந்ததற்குக் காரணம் எளியது. ஒரு ஜிப் கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற கேள்விக்கு 2 ஜிபி என்ற முதல் விடையை அப்படியே விட்டிருப்பீர்கள். 50 ஜிபி என்று மாற்றியிருந்தால் ஆறு கோப்புகள்தான் வந்திருக்கும். ஆனால் வீட்டு இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிற இடங்களில், 50 ஜிபி கோப்பு முக்கால்வாசி இறங்கி நின்றுபோனால் வயிறு எரியும். 10 ஜிபி நடுநிலையான அளவு. நொடிக்கு 40 மெகாபிட் வேகம் தடையின்றிக் கிடைத்தாலும் 300 ஜிபி இறங்கப் பதினாறு, பதினேழு மணி நேரம் ஆகும். இறக்குவதற்கு அவர்கள் அனுப்பும் லிங்கோ ஏறக்குறைய ஒரு வாரமே உயிரோடிருக்கும். ஆகவே வெளியூர்ப் பயணம் எதுவும் இல்லாத ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பியுங்கள். வேறு மென்பொருள்களைக் கொண்டு நேரடியாக முழுத் தொகுப்பையும் உறிஞ்சி எடுக்கும் வழி முன்பு இருந்தது. 2025 மார்ச் 31-க்குப் பிறகு, வெளிச் செயலிகள் தாங்களே ஏற்றிய படங்களைத் தவிர மற்றவற்றைத் தாமாகப் படிக்கக் கூடாதென்று கூகுள் அந்த வாயிலை அடைத்துவிட்டது.

இனி தேதிக்கு வருவோம். கேமராவில் எடுத்த படத்துக்குள், எடுத்த நாளும் நேரமும் எக்ஸிஃப் என்ற குறிப்பாகப் பதிந்திருக்கும். 1995-இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட முறை இது. அந்தக் குறிப்பு உள்ள படங்களுக்கு உண்மையில் சேதமில்லை. கணினியின் கோப்புறை வேறொரு தேதியை, அதாவது அந்தக் கோப்பு உங்கள் கணினியில் உருவான தேதியைக் காட்டுகிறது, அவ்வளவுதான். படம் பார்க்கும் மென்பொருளில் எடுத்த நாள்படி வரிசைப்படுத்தினால் அவை ஒழுங்காக நிற்கும். தொல்லை எல்லாம் குறிப்பில்லாத படங்களால்தான். வாட்ஸ்அப் வழி வந்த படங்களில் எக்ஸிஃப் குறிப்பு நீக்கப்பட்டிருக்கும். ஸ்கேன் செய்த படங்களில் எடுத்த நாள் இருக்க வழியில்லை. நீங்கள் கூகுள் போட்டோஸில் உட்கார்ந்து பொறுமையாகத் திருத்திய தேதிகள், எழுதிய விளக்கங்கள் எல்லாம் அவர்களுடைய பட்டியலில் எழுதப்பட்டனவே தவிரப் படத்துக்குள் எழுதப்படவில்லை. அந்தப் பட்டியலைத்தான் படத்துக்கொன்றாகப் பிய்த்து, ஜேசன் என்ற வகை எழுத்துக் கோப்புகளாக உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். வாடகை வீட்டுச் சுவரில் எழுதிய பால்கணக்கு போலத்தான் இது. வீட்டைக் காலி செய்யும்போது சுவரைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாதே. கரித்துண்டால் எழுதிய எண்களை வேறொரு தாளில் படியெடுத்துக் கொடுத்தார்களே என்று மகிழ வேண்டியதுதான்.

எனவே அந்த எழுத்துக் கோப்புகளைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். ஜேசனில் உள்ள நாளையும் விளக்கத்தையும் எடுத்துப் படத்துக்குள் எழுத எக்ஸிஃப்டூல் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அதற்கு முன் எல்லா ஜிப் கோப்புகளையும் ஒரே கோப்புறையில் விரித்துவிட வேண்டும், ஏனென்றால் படம் ஒரு ஜிப்பிலும் அதன் ஜேசன் இன்னொரு ஜிப்பிலும் விழுந்திருப்பது வழக்கம். நீளமான பெயருள்ள படங்களுக்கு ஜேசனின் பெயர் வெட்டுப்பட்டிருக்கும் என்பதால் சில சோடி சேராமல் தங்கும். அவற்றைக் கையால்தான் சேர்க்க வேண்டும். இன்னொரு கண்ணியும் உண்டு, நம் நாட்டவர் பலர் அதில் விழுகிறார்கள். ஜேசனில் எழுதியிருக்கும் நேரம் உலகப் பொது நேரம். மென்பொருளிடம் இந்திய நேரத்துக்கு மாற்றச் சொல்லாவிட்டால் ஒவ்வொரு படமும் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகும், அதிகாலை 4.30 மணி முகூர்த்தம் முதல்நாள் இரவு 11 மணிக்கு நடந்ததாகப் பதிவாகும். முதலில் பத்துப் படங்களில் செய்து பார்த்துவிட்டுப் பிறகு மொத்தத்தையும் செய்யுங்கள், அதுவும் ஒரு பிரதியின்மேல்.

ஒரே படம் பல கோப்புறைகளில் இருப்பதற்குக் காரணம், ஆண்டுவாரியான கோப்புறைகளோடு நீங்கள் உருவாக்கிய ஆல்பங்களையும் தனித்தனிக் கோப்புறைகளாகத் தருவதுதான். ஆல்பம் முக்கியமில்லை என்றால், விண்ணப்பிக்கும்போதே ஆண்டுக் கோப்புறைகளை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். 300 ஜிபி என்ற கணக்கே அதில் குறைந்துவிடக்கூடும்.

தாத்தா காலத்துப் படங்கள் இருநூறையும் ஸ்கேன் செய்து மேகத்தில் ஏற்றினேன். 1960-களில் எடுத்த படங்கள் எல்லாம் சென்ற ஆண்டின் தீபாவளிப் படங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்திருக்கின்றன.
— ஒரு வாசகி, காரைக்குடி

முந்தைய பதிலைப் படித்திருப்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம். தேதியை மேகத்தில் திருத்தாமல், ஏற்றுவதற்கு முன்பே படத்துக்குள் எழுதிவிடுங்கள். டிஜிகேம் போன்ற இலவச மென்பொருளில் ஐம்பது படங்களுக்கு ஒரே நேரத்தில் எழுதலாம். நாள் தெரியாவிட்டால், ஆண்டு மட்டும் தெரிந்த படங்களுக்கு அந்த ஆண்டின் ஜனவரி 1 என்று குடும்பத்துக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும், யாரோ பென்சிலால் எழுதிய பெயர்களும் அங்கேதான் இருக்கும்.

தங்கையின் திருமணப் படங்கள் ஒவ்வொன்றும் ஆறு முறை இருக்கின்றன: போட்டோகிராபர் கொடுத்த பென் டிரைவில், நான் எடுத்ததில், சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பியதில், குடும்பக் குழுவில். ஒரே படத்தை இரண்டு முறை ஏற்றினால் சேவையே கண்டுபிடித்துவிடும் என்றார்கள். ஏன் கண்டுபிடிக்கவில்லை?
— ஒரு வாசகர், சிங்கப்பூர்

கண்டுபிடிக்கும், ஆனால் அதற்கு ஒரே படம் என்றால் ஓர் எண்கூடப் பிசகாத ஒரே கோப்பு. வாட்ஸ்அப் வழக்கமான முறையில் படத்தை அனுப்பும்போது நீளப் பக்கத்தை ஏறக்குறைய 1,600 புள்ளிகளுக்குக் குறைத்து மறுபடி சுருக்குகிறது. நம் கண்ணுக்கு அதே மணமகள், அதே மாலை. கணினிக்கோ அது முற்றிலும் வேறு கோப்பு. சித்தப்பா அனுப்பியதை அத்தை மீண்டும் சேமித்து அனுப்பினால் மூன்றாவதும் பிறந்துவிடுகிறது. அந்தக் கோப்பின் பெயரில் இருக்கும் எட்டிலக்கத் தேதியையும் நம்பிவிட வேண்டாம். அது வாட்ஸ்அப்பில் வந்துபோன நாள். 1962-இல் எடுத்த படத்தை யாராவது 2019 பொங்கலன்று அனுப்பியிருந்தால் பெயரில் 20190115 என்றே இருக்கும்.

தோற்றத்தை வைத்து ஒப்பிடும் வசதி ஐபோனில் ஐஓஎஸ் 16-உடன் 2022-இல் வந்தது. கணினியில் டிஜிகேமும் இதைச் செய்யும். இரண்டிலும் எது தங்க வேண்டும் என்பதைக் கோப்பின் அளவை வைத்து முடிவு செய்யுங்கள்: பெரியது தங்கட்டும். ஆனால் வெளிப்படையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இடம் மிச்சப்படும் என்பதற்காக இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால் வேண்டாம். வாட்ஸ்அப் படம் சில நூறு கேபி அளவே இருக்கும். அப்படி ஆயிரம் படங்களைத் தேடித் தேடி அழித்து மிச்சம் பிடிக்கும் இடம், நீங்கள் மறந்துபோன ஒரு நிமிடக் காணொலி ஒன்றைத் தூக்கி எறிந்தாலே கிடைத்துவிடும். தேடினால் உரிய படம் முதலில் வர வேண்டும் என்பதற்காகச் செய்வதானால், திருமணம், வளைகாப்பு போன்ற பெரிய நிகழ்ச்சிகளுக்கு மட்டும் செய்தால் போதும். காலை வணக்கப் படங்களை ஒப்பிட்டுப் பார்க்கவே தேவையில்லை. வாட்ஸ்அப் படங்களின் கோப்புறையை மேகத்துக்கு ஏற்றாதபடி நிறுத்திவைப்பது, அழிக்கும் வேலையைவிட எளிது.

அப்பா நான்கு மாதங்களுக்கு முன் காலமானார். அவருடைய தொலைபேசி எண்ணெழுத்துப் பூட்டில் இருக்கிறது. அதில் எடுத்த படங்கள் எல்லாம் அவருடைய கணக்கில்தான் இருக்கின்றன. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். கூகுளும் ஆப்பிளும், காலமானவரின் கணக்கைப் பற்றி நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்கத் தனிப் படிவங்கள் வைத்திருக்கின்றன. இறப்புச் சான்றிதழும், விண்ணப்பிப்பவரின் அடையாளச் சான்றும், சில நேரங்களில் நீதிமன்ற ஆணையும் கேட்பார்கள். கடவுச்சொல்லைக் கொடுக்க மாட்டார்கள். உள்ளே இருப்பவற்றைத் தருவதா என்பதை ஆராய்ந்து முடிவு செய்வார்கள். காலம் ஆகும், உறுதியும் இல்லை. ஆனாலும் விண்ணப்பியுங்கள். அப்பாவின் பழைய தொலைபேசி, டேப், அலுவலகக் கணினி ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். அவற்றில் அந்தக் கணக்கு இன்னும் திறந்தபடியே இருந்துவிடுவது உண்டு. பூட்டிய தொலைபேசிக்கு மனம் போனபடி எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டாம். தவறு எண்ணிக்கை கூடக் கூடக் காத்திருக்கும் நேரம் நீளும், ஐபோனில் நிரந்தரமாகவே முடங்கிவிடலாம்.

மற்ற வாசகர்கள் இதைப் படிக்கும் நாளிலேயே செய்யக்கூடிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. கூகுள் கணக்கில் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற அமைப்பு 2013 முதல் உள்ளது. 3 மாதம் முதல் 18 மாதம்வரை நீங்கள் குறிப்பிடும் காலத்துக்குக் கணக்கு பயன்படாமல் கிடந்தால், நீங்கள் பெயர் கொடுத்தவர்களுக்கு அறிவித்து, நீங்கள் அனுமதித்தவற்றை இறக்கிக்கொள்ள விடும்; பத்துப் பேர்வரை பெயர் கொடுக்கலாம். ஆப்பிளில் மரபுத் தொடர்பு என்று சொல்லத்தக்க ஏற்பாடு 2021 டிசம்பரில் ஐஓஎஸ் 15.2-உடன் வந்தது. அதில் பெயர் கொடுக்கப்பட்டவரிடம் ஒரு திறவுகோல் எண் இருக்கும், இறப்புச் சான்றிதழோடு அதைக் கொடுத்தால் போதும்.

திருநெல்வேலி வாசகிக்கு மீண்டும். இரண்டாண்டு யாரும் நுழையாத தனிநபர் கணக்கையும் அதிலுள்ள படங்களையும் நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆனால் எல்லையற்ற நேரம் இல்லை. அதைவிட அவசரமானது அப்பாவின் சிம் கார்டு. கணக்கை மீட்கும்போது சரிபார்ப்பு எண் அந்தக் கைபேசி எண்ணுக்கே வரக்கூடும். பயன்படாத எண் சில மாதங்களில் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிடும். நான்கு மாதம் ஆகிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இன்றே அழைத்துப் பாருங்கள். இருந்தால் ரீசார்ஜ் செய்யுங்கள், இல்லையென்றால் சான்றிதழ்களோடு அந்தத் தொலைபேசி நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் சென்று, எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றித் தர முடியுமா என்று நேரில் கேளுங்கள்.